வண்டி ரத்தினபாய் பேரில்

நான்காம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது ரத்தினபாய் டீச்சரின் போன் அடித்தது. வகுப்பில் போன் எடுக்கிற டீச்சர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஆனால் மகள் ஜோவிதாவுக்கு இது ஏழாம் மாதம். தெரியாத எண்ணாக இருந்தாலும் எடுக்காமல் இருக்க மனம் ஒப்பவில்லை. சாக்பீஸ் பிடித்த கையோடு வராந்தாவுக்கு வந்து போனைக் காதில் வைத்தாள்.

"நமஸ்காரம். நங்கநல்லூர்லேர்ந்து ஸ்ரீரங்கன் பேசறேன். ஏம்மா, வண்டி குடுக்கறதுன்னா இப்படியா குடுப்பா?"

"உங்களுக்கு யார் வேணும் சார்?"

"வெள்ளைக் கார் உங்களோடதுதானே? சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வந்தோம். பின் டயர் வெடிச்சுடுத்து. சரி, ஸ்டெப்னிய மாத்திக்கலாம்னு டிக்கியத் திறந்தா அதுல காத்தே இல்லை. ரெண்டு குழந்தைகள வெச்சுண்டு ஜிஎஸ்டி ரோட்டுல வெயில்ல நிக்கறோம். ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து இருநூறு வாங்கறவா, ஸ்டெப்னிக்குக் காத்தடிச்சு வெக்கப்படாதா?"

"ரெண்டாயிரத்து இருநூறு எதுக்கு?"

"வாடகைம்மா. செல்ஃப் டிரைவ். கதிரேசன்னு ஒருத்தர்கிட்ட எடுத்தோம். அவர் போனை எடுக்கவே மாட்டேங்கறார். டேஷ்போர்டுல இன்சூரன்ஸ் கவர் இருந்தது, அதுல உங்க பேரும் நம்பரும் போட்டிருந்தது. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

ரத்தினபாய்க்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. அந்தக் கவர் மேல் தன் பேரையும் எண்ணையும் எழுதியவள் அவளேதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், மகளும் மருமகனும் வழியில் எங்காவது மாட்டிக்கொண்டால் உதவட்டுமே என்று எழுதியது. மருமகன் எபி மாட்டிக்கொள்ளவே இல்லை. மாட்டிக்கொண்டது யாரோ ஸ்ரீரங்கன்.

"சார், உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பக்கத்துல பங்க்சர் கடை எதுனா இருக்கும், காத்தடிச்சுக்குங்க. அந்தக் கதிரேசன் நம்பர் மட்டும் எனக்குச் சொல்லுங்க," என்றாள். சுவரிலேயே சாக்பீஸால் எழுதிக்கொண்டாள். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் பள்ளிக்கூடச் சுவரில் அவள் கிறுக்கியது அன்றுதான்.

அந்தக் காரின் கதை இதுதான். பெண் பார்த்துவிட்டுப் போனபோது எபியின் அப்பா ஞானசிகாமணி ஒரு வார்த்தை சொன்னார். "நாங்க எதுவும் கேக்கல டீச்சர். ஆண்டவர் உங்களை எப்படி நடத்தறாரோ அப்படிச் செய்யுங்க." கேட்டு வாங்குகிறவர்களைக்கூட நம்பிவிடலாம். இத்தனை பவுன், இத்தனை ரொக்கம் என்று சொன்னால் அத்தோடு ஒரு முடிவு உண்டு. ஆண்டவர் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நம் கையைப் பார்க்கிறவர்களிடம்தான் முடிவே கிடையாது. மறுவாரம் சம்பந்தியம்மா போனில், "பையனுக்குப் பெருங்குடியில ஆபீஸ். பைக்ல போய்ட்டு வந்து முதுகு வலிங்கறான், பாவம்," என்றாள். புரியாமல் இருக்க ரத்தினபாய் என்ன குழந்தையா. ஆசிரியர் கூட்டுறவு சங்கத்தில் கடன் போட்டாள். கடன் அவள் பேரில், ஆகவே வண்டியும் அவள் பேரில்.

கல்யாணத்தன்று சர்ச் வாசலில் கார் ரிப்பன் கட்டி நின்றது. ஆயர் பானட்டின் மேல் கை வைத்து ஜெபம் செய்தார். சாவியை எபி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். "பேரை அப்புறம் மாத்திக்கலாம், என்ன அவசரம்," என்று ஞானசிகாமணி பெருந்தன்மையாகச் சொன்னார். ரத்தினபாய்க்கு அன்றைக்கு அது மரியாதையாகத்தான் பட்டது. அந்த அப்புறம் மூன்று வருஷமாக வரவில்லை.

கார் வாங்கிக் கொடுத்ததோடு செலவு தீர்ந்தது என்று நினைத்தாளே, அதுதான் அவள் செய்த மடத்தனம். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று சும்மாவா சொன்னார்கள். யானை இருந்தது கீழ்க்கட்டளையில் சம்பந்தி வீட்டில், தீனி போனது தாம்பரத்திலிருந்து. முதல் வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே எபியிடமிருந்து வாட்ஸப் வந்தது. 'அத்தை, இன்சூரன்ஸ் ரின்யூவல் வந்திருக்கு,' பக்கத்தில் கும்பிடுகிற கை. பிறகு சர்வீஸ் வந்தது. பிறகு பேட்டரி. பிறகு முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டதாம். தெரு குறுகல், வண்டி வெயிலில் நிற்கிறது, பெயிண்ட் போய்விடும் என்று சம்பந்தியம்மா மூக்கைச் சிந்த, பக்கத்துக் காலிமனையில் தகரக் கொட்டகைக்கு மாத வாடகை. டோல்கேட்டைத் தாண்டினால் பணம் பிடிப்பதும் அவள் கணக்கில்தான், சிக்னலில் கோட்டைத் தாண்டினால் அபராதச் சீட்டு வருவதும் அவள் போனுக்குத்தான். வண்டி அவள் பேரில் அல்லவா.

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போவதோ தாம்பரத்துப் பக்கம் இரும்புலியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில். டிரைவருக்கு இந்தப் பக்கம் அரை சீட்டில் தொங்கிக்கொண்டு. அந்தக் காரில் அவள் ஏறியது மொத்தம் நான்கு தடவை. அதில் ஒன்று துக்க வீட்டுக்கு. "அத்தை, காலத் தட்டிட்டு ஏறுங்க, மேட் புதுசு," என்றான் எபி. அந்த மேட்டுக்குப் பணம் அனுப்பியவள் காலைத் தட்டிவிட்டுத்தான் ஏறினாள். இன்று அதை நினைத்தால் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டில் ஏதாவது சொன்னால் கணவர் லாசரஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொல்வார். "விடு ரத்தினம். பொண்ணு வாழ்க்கை." ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் சிவப்பு, பச்சைக் கொடி காட்டிய மனிதர். வீட்டில் பச்சையைத் தவிர வேறு கொடி அவரிடம் கிடையாது.

மதிய இடைவேளையில் ரத்தினபாய் ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்திவிட்டுக் கதிரேசனுக்குப் போன் போட்டாள்.

"வணக்கம், சொல்லுங்க மேடம். வண்டி எந்தத் தேதிக்கு வோணும்?"

"வெள்ளைக் கார் ஒண்ணு இருக்காமே. எபின்னு ஒருத்தரோடது."

"எபி அண்ணன் வண்டியா? சூப்பரா கீது மேடம். சொந்த வண்டி மாறி ஓட்டலாம். இன்னிக்கு வெளிய போய்க்கீது, நாளைக்கு வந்துரும். உங்களுக்குன்னா ரெண்டாயிரத்து இருநூறு. வேற எவன்கிட்டயும் இந்த ரேட்டுக்குக் கெடிக்காது."

"அது எப்படி உங்களுக்கு மட்டும் கட்டுப்படியாகுது?"

கதிரேசன் சிரித்தான். "அதுல ஒரு மேட்டர் கீது மேடம். சர்வீசு, இன்சூரன்சு, டயரு எல்லாத்தையும் அண்ணனோட மாமியார் பாத்துக்குது. டீச்சராம். போலீஸ் ஃபைன் வந்தாகூட அதுவே கட்டிடுமாம். நமக்கு இன்னா பேஜார் சொல்லு, வந்தது லாபம்."

"எத்தனை நாளா ஓடுது இப்படி?"

"ஒரு வருசம் இருக்கும். புக் பண்ணிரவா?"

"சொல்றேன்," என்று வைத்துவிட்டாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பிழைக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். நெய்யை ஊற்றிக் கொடுத்தவளையே தெருவில் கேலிப்பேச்சாக்கி விற்கிறவனை இப்போதுதான் பார்க்கிறாள். டிபன் டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்தாள்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் யக்ஞநாராயணனைக் கூப்பிட்டு, யாருக்கோ நடந்தது போலக் கேட்டாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. "சொந்த உபயோக வண்டிய வாடகைக்கு விட்டது தெரிஞ்சா, வண்டிக்கு ஒரு பைசா கிடைக்காது டீச்சர். எவனாவது எடுத்துட்டுப் போய் ஆளை இடிச்சான்னு வைங்கோ, கேஸ் ஓனர் மேல வரும். கம்பெனி கைய விரிச்சா, இருக்கற வீட்டை வித்துதான் கட்டணும்." இரும்புலியூரில் இரண்டு அறை வீடு, வருகிற மே மாதம் ஓய்வு. அவர்கள் இருவருக்கும் உலகத்தில் இருந்தது அவ்வளவுதான். அதன் மேல் முகம் தெரியாத யார் யாரோ ஒரு வருஷமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளி விட்டதும் ரயிலேறிப் பல்லாவரத்தில் இறங்கி, ரேடியல் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கீழ்க்கட்டளை வந்தாள். அவள் இறங்கிய அதே நிறுத்தத்தில் முன்னால் நின்ற இன்னொரு ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையை வயிற்றுக்கடியில் கொடுத்து, பின்பக்கமாகக் காலைத் தேடித் தேடி வைத்து இறங்கினாள். கக்கத்தில் ஸ்கேன் ஃபைல். நிமிர்ந்தபோதுதான் அது ஜோவிதா என்று தெரிந்தது.

"ஏண்டி, டாக்டரைப் பாக்க ஷேர் ஆட்டோலயா போய்ட்டு வர்றே? வண்டி எங்க?"

"அவர் ஆபீசுக்கு..." என்று ஆரம்பித்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அவருக்குத்தான் ஆபீஸ் கேப் வருதே. வண்டி சிங்கப்பெருமாள் கோவில்ல டயர் வெடிச்சு நிக்குது. எடுத்துட்டுப் போனவர் எனக்குப் போன் பண்ணிச் சண்டை போடறார். ஒரு வருஷமா உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஜோவிதா மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தாள். "தெரியும்மா. நான் ஒரு நாள் கேட்டேன், செக்கப்புக்கு மட்டுமாவது வண்டி வேணும்னு. நீ ஏறினா ஒரு நாள் வாடகை போச்சு, ஷேர் ஆட்டோன்னா முப்பது ரூபாதான்னு சொன்னார்."

"அதைக் கேட்டுட்டு வந்து பேசாம உக்காந்திருந்தியா? வாயில்ல உனக்கு?"

"மூணு வருஷமா அவங்க கேக்கறப்பல்லாம் கட்டினீங்களே. உங்களுக்கு வாய் இருந்துதா?"

ரத்தினபாய்க்கு நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கத் தெரியும். அப்படிப்பட்டவளைப் பார்த்துப் பெற்ற மகளே கேட்டுவிட்டாள், அதுவும் சரியாகக் கேட்டுவிட்டாள். ஃபைலை வாங்கிக்கொண்டு, மகளின் முழங்கையைப் பிடித்து எழுப்பி, கூட நடந்தாள்.

எபி அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை. ஹாலில் லேப்டாப்பை மூடிவிட்டு, "வாங்க அத்தை," என்றான். ஞானசிகாமணி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கீழ்க்கட்டளைச் சபைக்கு அவர்தான் செயலாளர். வீட்டிலும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் இருப்பார். ரத்தினபாய் நின்றபடியே கேட்டாள். எபி கொஞ்சமும் கூசவில்லை.

"வண்டி சும்மா நின்னா பேட்டரி போயிடும் அத்தை. ஓடிட்டு இருக்கறதுதான் இன்ஜினுக்கு நல்லது."

"நல்லா ஓடட்டும். ஓடின காசு எங்க போகுது?"

"வீட்டுச் செலவுக்குத்தான். குழந்தை வேற வரப்போகுது இல்ல."

"அந்தக் குழந்தையச் சுமக்கறவ ஆட்டோல குலுங்கிக் குலுங்கி வர்றா. வாடகைய நீங்க வாங்கறீங்க, டயர நான் வாங்கறேன். எவனாவது ஆளை இடிச்சிட்டா கோர்ட்டுக்குப் போறதும் நான். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க எபி. நாளைக்கே பேரை உங்க பேருக்கு மாத்திக்குங்க, இல்ல சாவியக் குடுங்க."

ஞானசிகாமணி தொண்டையைச் செருமினார். "பேர் மாத்தினா லோன் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, எல்லாம் இந்தப் பக்கம் வந்துடும் டீச்சர். இப்ப நல்லபடியா போயிட்டு இருக்கறதை ஏன் கலைக்கணும்? தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?"

"பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொன்னது வாங்கினவனுக்கு சம்பந்தி. நான் குடுத்தவ. இன்னிக்கு வரைக்கும் அந்த மாட்டுக்குப் புல்லு போட்டுட்டு இருக்கறவ. பால் மட்டும் எங்க போகுதுன்னு கேக்கக் கூடாதா?"

சம்பந்தியம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். ஞானசிகாமணி ஒரு டம்ளரை எடுத்து ரத்தினபாயின் பக்கம் நகர்த்தினார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "வண்டி இந்த வாசலை விட்டுப் போச்சுன்னா சபையில நாலு பேர் நாலு விதமாப் பேசுவான். எனக்குத் தலைகுனிவு. அப்புறம் ஜோவிதா இங்க எப்படி இருக்க முடியும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. சூடா இருக்கு, குடிங்க."

சமையலறை நிலையில் நின்ற ஜோவிதா தரையைப் பார்த்தாள். ரத்தினபாய் மகளைப் பார்த்தாள். காருக்கு ஸ்டெப்னி டிக்கியில் கிடக்கிறது, இந்த வீட்டில் தன் மகளும் அந்தக் காருக்கு ஒரு ஸ்டெப்னி, அவ்வளவுதான். கார் இருக்கும்வரை அவளுக்கு இடம் உண்டு. டீயைத் தொடாமல் கிளம்பி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது லாசரஸ் முழுவதையும் கேட்டார். கடைசியில், "ஜெபம் பண்ணுவோம் ரத்தினம். பொண்ணு..." என்றார்.

"வாழ்க்கை. தெரியுது. அந்த வாழ்க்கைக்கு நாள் வாடகை என்னன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது," என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளவில்லை.

கீழ்க்கட்டளை ஆயருக்குப் போன் செய்தாள். நல்ல மனிதர், சாது. "சபைக்கே சாப்பாடு போடற அசனப் பண்டிகை வேலை தலைக்கு மேல இருக்கும்மா. அது முடியட்டும், ரெண்டு குடும்பத்தையும் உக்கார வெச்சுப் பேசுவோம்," என்றார். அதற்குள் வண்டி இன்னும் எத்தனை பேர் கைக்கு மாறும் என்று அவளுக்குத் தெரியாதா. அவராலும் செயலாளரைப் பகைத்துக்கொண்டு பிரியாணி அண்டா ஏற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தன் சபைக்குப் போகாமல் கீழ்க்கட்டளைக்குப் போனாள். மகளைக் கண்ணால் பார்க்க வேண்டும், வேறு திட்டம் எதுவும் இல்லை. எபி முன்னாலேயே பைக்கில் வந்து கீபோர்டுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தான். பாடகர் குழுவுக்கு அவன்தான் வாசிப்பான். முதல் பாட்டு முடிகிற நேரத்தில் ஜோவிதா நடந்து வந்தாள். ஆட்டோ கிடைக்கவில்லை போலும். முகமெல்லாம் வியர்வை, கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. வந்து பெண்கள் பக்கம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். கீபோர்டு நிற்கவில்லை.

பின்னால் ஒரு மேசையில் காணிக்கைக் கவர்கள் அடுக்கியிருந்தன, நூலில் கட்டிய பேனாவோடு. ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறவர்கள் கவருக்குள் பணத்தை வைத்து, மேலே பேரையும் காரணத்தையும் எழுதித் தருவார்கள். பிறந்த நாள், கல்யாண நாள், வீட்டுக்குப் பால் காய்ச்சியது, பையன் பாஸானது. பிரசங்கத்துக்கு முன்னால் செயலாளர் அவற்றை மைக்கில் வாசிப்பார், பிறகு ஆயர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஜெபம் சொல்வார். ஞானசிகாமணியின் வாசிப்பு ஊரறிந்தது. ஒவ்வொரு கவரையும் ஒரே மூச்சில், ஒரே ராகத்தில், என்ன வாசிக்கிறோம் என்ற கவலையே இல்லாமல் ஓட்டிவிடுவார்.

ரத்தினபாய் எழுந்து மேசைக்குப் போனாள். பையிலிருந்து நூற்றியொரு ரூபாயை எடுத்துக் கவரில் போட்டாள். இடம் போதவில்லை என்று பொடியெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல் எழுதிக் காணிக்கைத் தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆண்டவர் சந்நிதியில் இது தகுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பொய் சொன்னால்தானே பாவம், அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

முதலில் பிறந்த நாட்கள் போயின. அறுபதாம் கல்யாண நாள் ஒன்று போனது. பெரும்பாக்கத்தில் புது வீடு ஒன்று போனது. பிறகு ஞானசிகாமணி அவள் கவரை எடுத்தார்.

"எனது சம்பளத்தில் வாங்கி எனது செலவில் ஓடிக்கொண்டிருக்கும் காரை எனது மருமகன் எபனேசர் நாளொன்றுக்கு ரூபாய் இரண்டாயிரத்து இருநூறு வாடகைக்கு விட்டு ஏழு மாதக் கர்ப்பிணியான எனது மகளை ஷேர் ஆட்டோவில் அனுப்பிவருவதை..."

அங்கேதான் அவர் வாய் வாசித்தது அவர் காதில் விழுந்தது. ராகம் அறுந்தது. கவரைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். இருநூறு பேரும் அவரையே பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை களுக்கென்று சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

ரத்தினபாய் எழுந்தாள். "மிச்சத்தையும் வாசிங்க சம்பந்தி. 'கண்டுபிடிக்கக் கிருபை செய்த தேவனுக்கு ஸ்தோத்திரமாக, தாம்பரம், திருமதி ரத்தினபாய் லாசரஸ்.' நூத்தியோரு ரூபா உள்ள இருக்கு."

"அம்மா, ஆராதனை நேரம்..." என்று ஆயர் கையை லேசாக உயர்த்தினார். எபிக்கு என்ன தோன்றியதோ, சடாரென்று கீபோர்டில் ஒரு துதிப்பாட்டை வாசிக்க ஆரம்பித்தான். பாடத்தான் யாரும் இல்லை. பாடகர் குழுவே வாயைப் பிளந்துகொண்டு அவனைத்தான் பார்த்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஜோவிதா எழுந்தாள். நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து போனாள். இத்தனை பேர் பார்க்க மகள் தன்னிடம் வந்து, போதும் அம்மா என்று கையைப் பிடிப்பாள் என்றுதான் ரத்தினபாய் நினைத்தாள். ஜோவிதா அவளைக் கடந்து நேரே கீபோர்டுக்குப் போய் சுவிட்சை அணைத்தாள். அவன் முகத்துக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"வீட்ல பேசிக்கலாம் ஜோ."

"சாவி."

"சாவி இங்க இல்ல. வண்டி வெளிய போயிருக்கு," என்றான் அடிக்குரலில். பாடகர் குழுவின் மைக் அவன் வாய்க்கு முன்னால் இருந்தது. சுவர் ஸ்பீக்கர் நான்கிலும் அது கேட்டது.

"எங்க?"

"தெரியல. மூணு நாள் புக்கிங்."

"யாரு எடுத்துட்டுப் போயிருக்காங்க?"

அவன் அப்பாவைப் பார்த்தான். ஞானசிகாமணி மேடையிலிருந்து இறங்கி வந்தார். நடை வேகமாக இருந்தாலும் குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். "ஜோவிதாம்மா, இது நம்ம குடும்ப விஷயம். வெளிய வா, பேசிக்கலாம்."

"பேர் தெரியாதவங்க எல்லாம் அதுல ஏறி உக்காந்தப்ப அது குடும்ப வண்டியாத் தெரியலயா மாமா?" ஜோவிதா குரலைத் தாழ்த்தவில்லை. "ஒரு வருஷமா ஆட்டோல கூட வந்த முன்பின் தெரியாதவங்க நகர்ந்து எனக்கு இடம் குடுத்தாங்க. என் வீட்டுக் கார்ல எனக்கு இடம் இல்ல." அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, வண்டி உங்க பேர்லதானே இருக்கு?"

"ஆமா."

"எங்க இருக்குன்னு வாடகைக்கு விட்டவருக்கே தெரியலையாம். யார்கிட்ட இருக்குன்னும் தெரியலையாம். காணாமப் போன வண்டிக்கு எல்லாரும் என்ன பண்ணுவாங்களோ அதைப் பண்ணுங்க."

ஒரு நிமிஷம் ரத்தினபாய் தயங்கினாள். அவள் கோபத்துக்கு அவள் எழுதியது போதும். இதற்கு மேல் போனால் மகள் திரும்பிப் போக ஒரு வீடு இருக்காது. கேள்வியாக மகளைப் பார்த்தாள். ஜோவிதா கண்ணை எடுக்கவில்லை. ரத்தினபாய் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையிலிருந்து போனை எடுத்து நூறை அழுத்தினாள்.

பேர் கேட்டார்கள், சொன்னாள். வண்டி நம்பர் கேட்டார்கள், அபராதம் கட்டிக் கட்டி அது மனப்பாடம், தடுமாறாமல் சொன்னாள். "யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?" என்று அந்தப் பக்கத்துப் பெண் கேட்டபோது மட்டும் அவளுக்கு நாக்கு எழவில்லை.

ஜோவிதா கிட்டே வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"சந்தேகம்லாம் இல்ல மேடம். எடுத்தவர் என் எதிர்லதான் நிக்கறார். என் வீட்டுக்காரர். பேர் சொல்றேன், எழுதிக்குங்க."